சாமி மாடத்தில் மூன்று நாள்

விசாலம், என் கண்ணே,

உன் கடிதம் முந்தாநாள் காலை வந்து சேர்ந்தது. ரசத்துக்குப் புளி கரைத்து அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தவள் கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் உறையைக் கிழித்தேன். ஏழு பக்கம்! வேலைக்குப் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, இத்தனை நாளும் நீ போட்டதெல்லாம் கார்டுதான். ‘நான் சௌக்கியம், அங்கு அனைவரும் சௌக்கியமா, இங்கு மழை இல்லை’ என்று மூன்று வரி. அதையும் உன் அப்பா கோர்ட்டில் பத்திரம் நகல் எடுக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுவார். நானும் கேட்டுவிட்டு, மழை இல்லையாம் பாவம் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். இப்போது ஏழு பக்கம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேயே அடுப்புக்கு முன்னால் நின்றபடி படித்தேன். ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நீ எழுதியிருப்பதைப் படித்தால் எந்தத் தாயும் அழத்தான் வேண்டும். வீட்டுக்கார அம்மாள் நீ எத்தனை வாளி தண்ணீர் இறைக்கிறாய் என்று கிணற்றடியில் நின்று பார்க்கிறாள் என்கிறாய். ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்த ஒன்றுகூட இங்கே செல்லுபடியாகவில்லை, பாதி நாள் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவதுதான் என் உத்தியோகம் என்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பேச ஆளில்லாமல் சுவரில் இருக்கிற பல்லியிடம் பேசுகிறாயாம். தீபாவளிக்கு வந்தபோது வாய் நிறையச் சிரித்துவிட்டுத்தானே போனாய், திருட்டுக் கழுதை! ஆனால் எனக்கு அழுகை வரவில்லை விசாலம். சந்தோஷம் வந்தது. மகள் அழுது எழுதியதைப் படித்துச் சந்தோஷப்படுகிறாளே, இவள் என்ன தாய் என்று கோபித்துக்கொள்ளாதே. உன் வாயிலிருந்து நிஜம் வந்துவிட்டது, அதுவும் என்னிடம் வந்துவிட்டது. இந்தச் சந்தோஷத்தில் அடுத்த வீட்டு மீனாட்சியைக் கட்டிப் பிடித்துவிட்டேன். அவள் என்ன ஏது என்று தெரியாமல் பயந்தே போனாள்.

ஆறாவது பக்கத்துக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. பேச்சி என்கிற அந்தப் பெண்ணை நீ அடித்துவிட்டாய். தினமும் மணி அடித்து அரை மணி கழித்து வருகிறாளே, மற்ற பிள்ளைகளும் இவளைப் பார்த்துக் கெட்டுப்போகுமே என்று கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. அதற்கப்புறம்தான், விடிந்ததிலிருந்து ஒன்றரை மைல் தூரத்து ஊருணிக்குப் போய் இரண்டு நடை தண்ணீர் சுமந்து ஊற்றிவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் வருகிறாள் என்று வேறொரு பிள்ளை சொல்லித் தெரிந்திருக்கிறது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. இன்றோடு பத்து நாள். ‘நான் இந்த வேலைக்கு லாயக்கில்லை அம்மா. நான் நினைத்த விசாலம் இல்லை நான். அப்பாவிடம் காட்டி இந்த ராஜினாமாவை ஆபீஸில் சேர்த்துவிடச் சொல்’ என்று எழுதி, அந்தத் தாளையும் மடித்து உள்ளே வைத்திருக்கிறாய்.

உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. சாயங்காலம் சட்டையைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் படித்துவிட்டு, “இதுக்குத்தான் அப்பயே சொன்னேன். போதும், வரச் சொல்லு. திங்கக்கெழம நானே கொண்டுபோயிக் குடுத்துர்றேன். வாடிப்பட்டிக்காரங்க இன்னும் பதில் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக” என்றார். அந்தச் சம்பந்தம் நல்ல சம்பந்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் தப்பித்து ஓடி வந்து ஏறுகிற மணவறை எப்படி இனிக்கும் என்று எனக்குத் தோன்றியது. உன் ராஜினாமாவை அவர் கையிலிருந்து வாங்கி மடித்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். “என்னடி செய்யிற?” என்று திகைத்துப்போனார். “இருங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன். அவரிடம் முதலில் சொன்னதை இப்போது உனக்கும் சொல்லப் போகிறேன். நியாயமாக உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆவணி மாதம் உன் வேலை உத்தரவு வந்ததே, அது வெள்ளிக்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. நீ அன்று பகல் ஆனையூரில் இருக்கிற உன் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாய். தபால்கார ராவுத்தர் வாசலில் நின்று, “தாயி, பாப்பாவுக்குச் சர்க்கார் கவரு வந்துருக்கு. மிட்டாய் எடுத்து வைங்க” என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனார். நீளமான பழுப்பு உறை. எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அது என்ன உறை என்று தெரியாதா? உள்ளே வந்து காலண்டரைப் பார்த்தேன். அஷ்டமி. எந்தத் தாய் அஷ்டமியில் மகள் கையில் முதல் உத்தியோகத்தைக் கொடுப்பாள்? சாமி மாடத்தில் மஞ்சள் துணிக்கு அடியில் வைத்தேன். மறுநாள் நவமி. அதற்கு மறுநாள் திதி பரவாயில்லை, ஆனால் மரணயோகம் என்று போட்டிருந்தது, அந்த வார்த்தையைப் பார்த்த பிறகு உறையை எப்படி எடுப்பேன்? வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்து, பன்னிரண்டு மணிக்கு மேல், குங்குமம் வைத்து, அப்போதுதான் வந்த மாதிரி உன் கையில் கொடுத்தேன். நீ என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாய். அந்த மூன்று நாளும் உனக்குப் பணியாரமும் பால் கொழுக்கட்டையுமாகச் செய்து போட்டேனே, எதற்கென்று நீ யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலம், உத்தரவோடு கையெழுத்துப் போடப் போன ஆபீஸிலிருந்து நீ திரும்பி வந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. “இங்க மதுரையிலயே ஒரு எடந்தாம்மா இருந்துச்சாம். மொதல்ல வந்து கையெழுத்துப் போடுறவங்களுக்குன்னு வச்சிருந்தாகளாம். இன்னொரு பொண்ணு நேத்தே வந்து போட்டுருச்சு. எனக்குக் கல்லுப்பட்டிக்கு அங்கிட்டு மூணு மைலு” என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். திங்கட்கிழமை ராவுத்தர் வந்தபோது நீ உறை மேல் இருந்த தபால் முத்திரையின் தேதியைக் காட்டி, வாசலில் நின்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தாய். “சர்க்கார் தபால மூணு நாளு பையிலயே வச்சிருந்தீகளா? என் வாழ்க்கையே மாறிப்போச்சு!” அவர் உனக்குப் பின்னால் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “தப்புத்தான் தாயி. இனிமே சூதானமா இருக்கேன்” என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

பஞ்சாங்கம் பார்த்ததுதான் காரணம் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பஞ்சாங்கம் பாதி, பயம் பாதி. இந்த உறையைக் கொடுத்த நிமிஷத்திலிருந்து நீ எனக்கு மட்டும் மகளாக இருக்க மாட்டாய், உனக்கென்று ஒரு சம்பளம், ஒரு சாவி, நான் பார்த்தே இராத மனிதர்கள் எல்லாம் வந்துவிடுவார்கள் என்று பயந்தேன். இன்னும் மூன்று நாள் இவள் எனக்கே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் இரண்டு தெரு தள்ளிப் போக வேண்டியவளைக் கல்லுப்பட்டிக்கு அப்பால் கொண்டுபோய்ப் போட்டது. நீ கிணற்றடியில் கேட்கிற பேச்சுக்கும், பல்லியோடு கழிக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கும் நான்தான் காரணம். என்னை மன்னித்துவிடு விசாலம்.

இந்தக் கடைசி வரியை எழுதி முடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? நம் வீட்டில் யாரும் யாரிடமும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. உனக்கு ஒன்பது வயதில், வைகையில் வெள்ளம் பார்க்கப் போனாய் என்று உன்னை விறகுக் குச்சியால் அடித்தேன். ஆற்றுப் பக்கம் ஓடிப்போன மீனாட்சி வீட்டு ஆட்டைப் பிடித்துவரப் போனாய் என்று அப்புறம் அவள் வந்து சொன்னாள். நான் என்ன செய்தேன்? அன்று உன் சோற்றில் இரண்டு கரண்டி நெய் அதிகமாக ஊற்றினேன். நீயும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாய். என்னைப் பெற்றவளும் என்னிடம் அப்படித்தான் செய்தாள். உன் அப்பா மட்டும் என்ன, என்னைத் திட்டிய மறுநாள் மல்லிகைப்பூ வாங்கி வந்து ஆணியில் மாட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். தப்பு என்று வாயால் சொல்லிவிட்டால் பெரியவர்கள் என்கிற மரியாதை போய்விடும் என்று நினைத்தே நாங்கள் எல்லோரும் வயதானோம். முந்தாநாள்கூட உனக்கு முறுக்குச் சுட்டு அனுப்பலாம் என்று மாவு பிசைந்துவிட்டேன். சுட்டும் முடித்தேன். பிறகுதான், இது அதே நெய்தானே என்று உறைத்தது. அவ்வளவையும் மீனாட்சி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். உனக்கு இந்தக் கடிதத்தோடு தின்பதற்கு ஒன்றும் வராது.

அதனால் பேச்சி வீட்டுக்கு நீ போகும்போது கையில் ஒன்றும் கொண்டுபோகாதே. ரிப்பன் வேண்டாம், மிட்டாய் வேண்டாம், புதுச் சிலேட்டும் வேண்டாம். ‘தெரியாமல் அடித்துவிட்டேன், அது என் தப்பு’ என்று அந்தக் குழந்தையிடமே சொல், அவளைப் பெற்றவளிடம் அல்ல. அவள் என்ன சொல்லுவாளோ, எனக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் ஓடி ஒளியலாம். நாளைக்கே வந்துவிடுகிறேன் என்று உன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள் என்றெல்லாம் நான் உனக்கு ஆசை காட்டப் போவதில்லை. நீ ராஜினாமா செய்வதானாலும் இதைச் செய்துவிட்டுச் செய். செய்யாமல் வந்தால் நீயும் என்னைப் போல எங்கேயாவது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாய், அது மிகவும் கொடுமை.

உனக்கு வயது வந்தபோது தாய்மாமன் சீர் வந்தது, குச்சு கட்டினோம், மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம், பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று தெருவெல்லாம் புட்டுக் கொடுத்தோம். அது உடம்புக்கு. மனது பெரிதாகிற அன்றைக்கு ஒருவரும் சீர் கொண்டு வருவதில்லை. அன்றைக்கு நம் முகமே நமக்குப் பிடிக்காமல் போகிறது, அவ்வளவுதான். ‘நான் நினைத்த விசாலம் இல்லை நான்’ என்று எழுதினாயே, அந்த வரியைப் படித்ததும் எனக்குக் குலவையிட வேண்டும் போல இருந்தது! எனக்கு அந்த நாள் பதினேழு வயதில் வந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டுச் சாமான் அறைச் சாவி என் இடுப்புக்கு வந்தால் போதும், நான் பெரியவள் என்று நினைத்திருந்தேன். சாவி வந்தது. முதல் மாதமே அரிசி போதாமல் போய்விட்டது, நாள் கணக்குத் தெரியாமல் அளந்து போட்டிருக்கிறேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று அழுதேன். கொடுக்கவில்லை. தைரியசாலி என்பதால் இல்லை, யாரிடம் போய்க் கொடுப்பது என்று தெரியவில்லை, அதனால்தான். உனக்குக் கொடுக்க ஆள் இருக்கிறது. அதனால் உன் முடிவு என்னுடையதைவிடக் கஷ்டமானது என்று எனக்குப் புரிகிறது.

இன்னொன்று. நாலாவது பக்கத்தில், தண்ணீர்க் கதைக்கும் பல்லிக் கதைக்கும் நடுவே, நீ இரண்டே வரி எழுதிவிட்டு ஓடியிருக்கிறாய். ஐப்பசியில் ஒரு நாள் பேச்சி தன் பெயரை முதல் தடவையாக முழுசாக எழுதிவிட்டு, உன்னிடம் கேட்காமல்கூடச் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாளாம், எழுத்து அழிந்துவிடுமோ என்று நடுவெயிலில் சிலேட்டை நெஞ்சில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டு ஓடினாளாம். இந்த இரண்டு வரியை நான் பதினோரு தடவை படித்துவிட்டேன். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தியவர்கள் யாரும் நான் எழுதியதை இப்படி எட்டப் பிடித்துக்கொண்டு ஓட விட்டதில்லை. அடித்தது நீதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். இப்படி ஓட வைத்ததும் நீதானே, பைத்தியக்காரி! ஒன்றை ஆறாம் பக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதினாய், இன்னொன்றுக்கு இரண்டு வரி கொடுத்தாய். ராஜினாமா எழுதுகிற கை எப்போதும் இப்படித்தான் எழுதும் போலிருக்கிறது.

நேற்று ராவுத்தரிடமும் சொல்லிவிட்டேன். வாசலிலேயே மறித்து, அன்றைக்கு நீங்கள் கேட்ட பேச்செல்லாம் நான் கேட்க வேண்டியது என்றேன். அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. தாய்க்கும் மகளுக்கும் நடுவுல நான் எதுக்கு வரணும்னு விட்டுட்டேன். இம்புட்டு நாளாவா அதச் சொமந்துக்கிட்டுத் திரியிறீக?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே போனவர் திரும்பி வந்து, “ஆனா பாப்பா பேசுனது எனக்கு வலிக்கத்தான் செஞ்சுச்சு” என்றார். அதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று சொல்கிறேன். அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கன்னம் சுடுகிறது.

உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “ஒனக்கு இம்புட்டுத் துணிச்சல் இருக்கும்னு நான் நெனக்கல” என்றார். “ஒளிச்சு வச்சதச் சொல்றீங்களா, இப்பச் சொன்னதச் சொல்றீங்களா?” என்றேன். “ரெண்டையுந்தான்” என்றார். உன் ராஜினாமாவை அவர் கொண்டுபோக மாட்டார். நானும் சாமி மாடத்தில் வைக்க மாட்டேன். இதோ இந்தக் கடிதத்துக்குள்ளேயே மடித்து வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். உன் தாளை இன்னொருவர் எடுத்துப் போவதும் ஒளித்து வைப்பதும் இனி இந்த வீட்டில் நடக்காது. அனுப்புவதானால் நீயே தபாலில் போடு. கிழிப்பதானாலும் நீயே கிழி. நீ திரும்பி வந்தால் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு. மதுரை இடத்தைப் பறித்ததற்கு ஈடாக என்னால் கொடுக்க முடிந்தது இது ஒன்றுதான்.

அப்புறம் விசாலம், இன்னொரு செய்தி. வெள்ளிக்கிழமை நான் அங்கே வருகிறேன். உன்னைக் கூட்டிவர இல்லை, பார்க்க. தனியாக வருகிறேன்! எனக்கு முப்பத்தெட்டு வயதாகிறது, இதுவரை யாருடைய முதுகையாவது பார்த்துக்கொண்டு நடந்துதான் பஸ் ஏறியிருக்கிறேன். உன் அப்பா, “பெட்ரோல் இல்லாம அடுப்புக்கரியப் போட்டு ஓட்டுற பஸ்ஸு, திருமங்கலத்தோட நின்னு போச்சுன்னா என்ன செய்வ?” என்று பயமுறுத்திப் பார்த்தார். “மத்தவுக என்ன செய்யிறாகளோ அதச் செய்வேன்” என்றேன். அதற்குப் பிறகு, ஜன்னல் ஓரமாக உட்கார், கரித்தூள் கண்ணில் விழும், கண்ணாடியை ஏற்றிவிடு என்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார். எந்தச் சேலை கட்டுவது என்று இப்போதே இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன், சிரிக்காதே.

நான் வந்து சேரும்போது நீ பெட்டியைக் கட்டி வைத்திருக்கலாம், வகுப்பிலும் இருக்கலாம், என்மேல் கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டும் இருக்கலாம். எதுவானாலும் வெளியே உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் அவசரமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், கல்லுப்பட்டிக்கு வந்து பஸ்ஸடியில் நிற்காதே. யாரையும் அனுப்பவும் வேண்டாம். இறங்கி, நாலு பேரிடம் வழி கேட்டு, அந்த மூன்று மைலையும் நானே நடந்து வரப் போகிறேன். யார் வேண்டும், எங்கேயிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள் இல்லையா? கோர்ட்டுக் குமாஸ்தா வீட்டு அம்மா என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து அடுப்படியில் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் குரல் நடுங்குகிறது: “நான் ஸ்கூல் டீச்சரோட அம்மா.”

உன்னைப் பெற்றவள்